நிலைத்த வேலைக்கு நான் கொடுத்த வெற்றிலை

வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு சிறு புத்தகம் என்னிடம் இருக்கிறது. கோபம் குறைகிற மாதிரித் தோன்றும் நாட்களில் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். பதினான்காம் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் ஒரு கடித உறை. கீழே, ‘உதவித்தொகையை நம்பியிருந்த கைகள் இன்று உழைப்பை நம்புகின்றன’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவன் நான். அந்தக் கைகள் பத்து வயதிலிருந்தே மிளகு பறித்தும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியும் காய்த்துப்போனவை என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வாக்கியம் நன்றாக வந்துவிட்டது. வாக்கியம் நன்றாக வந்துவிட்டால் மற்றது எதுவும் என் கண்ணில் படாது. ஐம்பது வயது வரைக்கும் நான் உருப்படாமல் போனதற்கு இதைத்தான் என் மனைவி காரணமாகச் சொல்கிறாள். அவள் சேலத்தில் பள்ளி ஆசிரியை. தவறுகளுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுப் பழகியவள்.

அதே படத்தின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அதுவும் என்னுடையதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அப்போது நான் ஓர் அறக்கட்டளையில் ‘ஆவணப்படுத்தும் அலுவலர்’. பதவியின் பெயர் நீளமாக இருந்தால் சம்பளம் குட்டையாக இருக்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். முள்ளுக்குறிச்சியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, புத்தக மூட்டைகளோடு தனியாகக் குடியிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிக் கொல்லிமலைக்கு மேலே போவேன். வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டே ‘மாற்றத்தின் பாதையில்’ போன்ற தலைப்புகளை யோசிப்பேன். எந்தப் பாதை என்று வயிறுதான் சொல்லும்.

அரசு மானியத் திட்டம் ஒன்று வந்திருந்தது. விதவை உதவித்தொகை, ஊனமுற்றோர் உதவித்தொகை என்று மாதாமாதம் வாங்கிக்கொண்டிருப்பவர்களில் உடம்பில் தெம்பு உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, தையல் கற்றுக்கொடுத்து, நிலைத்த வேலையில் சேர்த்துவிட வேண்டும். கற்றுக்கொடுக்கும் அறக்கட்டளைக்கு ஆளுக்கு இவ்வளவு என்று மானியம். வேலை கொடுக்கும் கம்பெனிக்கும் மானியம். ஆளுக்குத்தான் ஒன்றும் இல்லை, வேலைதான் உண்டு. ‘நிலைத்த’ என்ற சொல்லுக்கு வழிகாட்டு நெறிமுறையில் விளக்கம் போட்டிருந்தார்கள்: மூன்று மாதம். மலையில் ஒரு மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள் பத்து மாதம் இருக்கிறது. அந்த விளக்கப்படி பார்த்தால் ஒரு கிழங்கு தன் வாழ்நாளில் மூன்று நிலைத்த வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெறுகிறது. இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம். நானும்தான் போனேன்.

படத்தில் நிற்கும் அந்தப் பெண் மலை மேல் திருப்புலி நாடு என்ற ஊராட்சியில் ஒரு சிற்றூர்க்காரி. நாற்பது வயது இருக்கும். கணவர் மரத்திலிருந்து விழுந்து இறந்து ஆறேழு வருஷம். அரை ஏக்கர் சாமைக்காடு, பிளஸ் டூ படிக்கும் ஒரு மகள், மாதம் தவறாமல் வரும் விதவை உதவித்தொகை. காடு ஏமாற்றும், மிளகு விலை ஏமாற்றும், அந்தத் தொகை மட்டும் ஏமாற்றாது. கைரேகை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் மாதம் ஒரு முறை ஊருக்கு வருவார். விரலை வைத்தால் பணம். அந்த ஊரில் அவள் விரலுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

ஆள் சேர்க்கப் போனபோது அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஏனுங்க சார், இதுல சேந்தா அந்தப் பணம் நின்னு போயிருமுங்களா?"

"அதெல்லாம் நிக்காதும்மா."

"நெசமாத்தானுங்களா?"

"நான் சொல்றேன்ல?"

எந்த அதிகாரத்தில் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கையில் ஒரு பேனா இருந்தது, சட்டைப் பையில் ஓர் அடையாள அட்டை தொங்கியது. அவ்வளவுதான். அவள் அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அட்டையைத்தான் நம்பியிருப்பாள். முகம் அப்படி ஒன்றும் நம்பும்படியானது அல்ல.

பயிற்சி முடிந்தது. அடிவாரத்தில் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனி வேலை கொடுக்க முன்வந்தது. பணி ஆணை வழங்கும் விழாவுக்கு ஏற்பாடு நடந்தபோது எங்கள் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "சார், போட்டோ எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. கொஞ்சம் மண்ணோட மணம் வேணும்" என்றார். மண்ணின் மணத்தைத் தயாரிப்பது என் துறை. பணி ஆணைக் கவரை வெறுமனே கையில் கொடுக்காமல் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கலாம் என்றேன். ‘மலைவாழ் மக்களின் மரபுப்படி’ என்று அழைப்பிதழில் ஒரு வரியும் சேர்த்தேன். மரபு என்று சும்மாதான் எழுதினேன். அது உண்மையிலேயே மரபாக இருந்து தொலைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விழா நாளில் கம்பெனியின் மனிதவள அதிகாரிதான் தட்டைக் கொடுக்க வேண்டும். சரியாக இவள் முறை வந்தபோது அவருக்குப் போன் வந்தது. காதில் போனோடு மேடை ஓரம் போய்விட்டார். போட்டோக்காரர் "சீக்கிரம் சார், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினார். நான் பாய்ந்து போய்த் தட்டை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தட்டைப் பார்த்தாள், அப்புறம் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "வாங்கிக்கம்மா, வாங்கிக்க" என்றேன். ஒரு மூச்சு விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். படம் விழுந்ததும் கவரைத் தட்டிலேயே விட்டுவிட்டு, வெற்றிலையை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆணையை விட்டுவிட்டுப் போகிறாளே என்று கவரை நான்தான் ஓடிப்போய்க் கொடுத்தேன். படிக்காதவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிவதில்லை, என்று அன்று மாலை என் நாட்குறிப்பில் எழுதினேன். அந்த நாட்குறிப்பை எரித்துவிட வேண்டும்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனாள். விடிவதற்குள் எழுந்து, மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, அடிவாரத்தில் கம்பெனி வேனைப் பிடித்து, நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு, கடைசி பஸ்ஸில் மேலே ஏறினாள். மூன்று மாதம் முடிந்தது. சரிபார்ப்புக் குழு வந்தது, வருகைப் பதிவேட்டைப் பார்த்தது, மோர் குடித்தது, கிளம்பிப் போனது. அதற்கடுத்த வாரமே மனிதவள அதிகாரி மலைப்பெண்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "இப்ப ஆர்டர் கம்மி. ஊட்டுல இருங்க. சொல்லி அனுப்பறோம்" என்றாராம். மற்றவர்கள் அதன் அர்த்தம் புரிந்து, அடுத்த நாளே சித்தாள் வேலைக்கும் மிளகுத் தோட்டத்துக்கும் போய்விட்டார்கள். இவள் ஒருத்தி மட்டும் வீட்டில் இருந்தாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அப்போது பதினான்காம் பக்கத்துக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் புத்தகம் வெளியானது. ‘கரையேறியவர்கள்’ என்று ஒரு பட்டியல் எங்கள் அலுவலகத்திலிருந்து உதவித்தொகை கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனது. எந்த அலுவலகம், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. எங்கே போனாலும் அதே நாற்காலிதான், அதே துண்டுதான். இறந்தவரின் சான்றிதழுக்கு ஒன்றரை வருஷம் எடுத்துக்கொள்ளும் மேஜைகள், உயிரோடிருப்பவளின் பணத்தை நிறுத்த ஒரே வாரம் எடுத்துக்கொண்டன. அரசாங்கம் மெதுவாக வேலை செய்கிறது என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் சண்டைக்குப் போவேன்.

ஒரு நாள் அவள் மலை மேலிருந்த எங்கள் கிளை அலுவலகத்தின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கம்பெனி ‘ஊட்டுல இருங்க’ என்று எல்லோரையும் அனுப்பிவைத்ததை நின்றபடியே சொன்னாள்.

"மிசின்காரரு ரெண்டு மாசமா ஒண்ணுமில்லீங்கறாரு. வெரல மாத்தி மாத்தி வெச்சுப் பாத்துட்டேன். பணம் நிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். தொலைபேசிச் சரிபார்ப்பு என்ற கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே ‘பணியில் தொடர்கிறார், திருப்தி’ என்றிருந்தது. தேதி, அவள் வீட்டுக்கு அனுப்பப்பட்டு ஒரு மாதம் கழித்து.

"போன் பண்ணி யாராவது கேட்டாங்களாம்மா?"

"கேட்டாங்க. ஒரு பொண்ணு. அந்த வேலைலதான் இருக்கீங்களான்னுச்சு. ஆமாங்கன்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் கோபம் அவள் மேல்தான் வந்தது. கம்பெனி மேல் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் பக்கத்தில் இருந்தவள் மேல் வந்துவிட்டது.

"ஏம்மா, உங்களைத்தான் அனுப்பிட்டாங்களே! வேலை இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு ஆமாங்கணும்?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"எப்படிங்க சொல்றது? வெத்தல வாங்கியிருக்கேனே?"

"அதனால?"

"எங்கூர்ல வெத்தல வாங்குனா வாங்குனதுதானுங்க. கள வெட்டவோ அறுக்கவோ காட்டுக்காரரு வெத்தல குடுத்துக் கூப்புட்டாருன்னா, அந்த வேல முடியற மட்டும் நாங்க அவுரு ஆளுங்க. மழ புடிச்சுப் பத்து நாள் நின்னாலும் அடுத்த காட்டுக்குப் போகமாட்டோம். போனா ஊர்ல பேச்சாயிரும். காட்டுக்காரரே சோறு போட்டு, நாலு பேரு கேக்க, வேல முடிஞ்சுது போயிட்டு வாங்கன்னு சொல்லோணும். அப்பத்தான் உட்ட மாதிரி."

"கம்பெனிக்காரர் வீட்டுக்குப் போங்கன்னு சொன்னாரே?"

"முடிஞ்சுதுன்னு சொல்லலீங்களே. சொல்லி அனுப்பறோம்னாரு. அதுதான் இருக்கேன். மொளகு பறிக்க நாலு ஊட்டுல கூப்புட்டாங்க. போகலீங்க. வெத்தல வாங்கிட்டு எப்படிப் போறது?"

மிளகுப் பறிப்பு ஒரு பருவம் முழுவதும் அவள் கையை விட்டுப் போயிருந்தது. தனக்கு வேலை தந்தவர்களுக்குத் துரோகம் செய்துவிடக்கூடாது என்று, அவள் பெயரையே மறந்துவிட்ட ஒரு கம்பெனிக்காக, வீட்டில் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தத் திட்டத்தில் கம்பெனி, அறக்கட்டளை, அரசாங்கம் என்று எத்தனையோ தரப்பு கையெழுத்துப் போட்டிருந்தது. ஒப்பந்தத்தை மதித்த ஒரே தரப்பு, ஒரு வெற்றிலையை முந்தானையில் முடிந்துகொண்டவள். அந்த வெற்றிலையை நான் எதற்கு வைத்தேன்? போட்டோ பச்சையாக விழட்டும் என்று.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். மனிதவள அதிகாரிக்கு என்னை நினைவிருந்தது, அவளை நினைவில்லை.

"இவங்களை நாங்க நிறுத்தவே இல்லையே சார். ரோல்ல இருக்காங்க. லாங் லீவ்."

"யார் கேட்ட லீவு?"

"அவங்களேதான்."

"அவங்க கேக்கலையே."

"கேக்காமயா சார் இத்தனை நாளா வீட்ல இருக்காங்க?"

இந்தத் தர்க்கத்துக்கு முன்னால் நான் படித்த புத்தகங்கள் அத்தனையும் கைகட்டி நின்றன. அவள் இடையில் புகுந்து, "அப்ப நாளைக்கு வரட்டுங்களா சார்?" என்று கேட்டாள். குரலில் நையாண்டி துளியும் இல்லை. அதனால்தான் அவர் ஒரு நிமிஷம் தடுமாறினார்.

"ஆர்டர் வரட்டும்மா. சொல்லி அனுப்பறோம்."

"அப்படின்னா வேலையை விட்டு நிறுத்தியாச்சுன்னு ஒரு கடிதம் கொடுங்க. உதவித்தொகையையாவது திரும்ப வாங்கிக்கட்டும்" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கம்பெனி மானியத்துக்கு மூணு மாசம் இல்ல, ஒரு வருஷக் கணக்கு. அதுக்குள்ள நிறுத்தினா திருப்பிக் கட்டணும் சார். திட்டத்துல இருக்கறவரு, உங்களுக்கே தெரியாதா?"

தெரியும். அந்த நெறிமுறையைத் தமிழில் மொழிபெயர்த்தவனே நான்தான்.

எங்கள் இயக்குநரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒரு கேஸுக்காக மொத்த பேட்சையும் கெடுத்துடாதீங்க சார். ரெண்டாம் கட்ட மானியம் கையெழுத்தாகப் போகுது."

"அவங்களுக்கு உதவித்தொகை நின்னுபோச்சு."

"நின்னது நல்ல விஷயந்தானே? அடுத்தவங்களை நம்பியிருக்கிற நிலைமை போச்சு. நீங்கதானே எழுதினீங்க? ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

அடுத்த திங்கட்கிழமை, மனு கொடுக்கும் நாளில், உதவித்தொகை அலுவலகத்துக்கு அவளோடு போனேன். அங்கே கோப்புகளைப் பார்க்கும் உதவியாளர் கெட்டவர் அல்ல. அதைச் சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நாற்காலி போட்டார், டீ சொல்லட்டுமா என்று கேட்டார், பொறுமையாகக் கோப்பைப் புரட்டினார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்தார். வழவழப்பான தாள். பதினான்காம் பக்கத்தை மடித்தே வைத்திருந்தார்.

"வேலையில இருக்காங்கன்னு கம்பெனி சொல்லுது. போன்ல இவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்க. புஸ்தகத்துல போட்டோ இருக்கு. இல்லைங்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்க யாரு சார்?"

"அந்தப் புத்தகத்தை எழுதினவன்."

"அப்ப நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே சார்" என்றார், எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு.

முப்பது வருஷமாக எழுதுகிறேன். நான் எழுதியதை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படித்து, பக்கம் மடித்து, வரிக்கு வரி நம்பியது அதுதான் முதல் தடவை.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பையிலிருந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் முகத்தை அதிகம் பார்க்கவில்லை. ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது யாரு கையிங்க?"

"என்னோடது."

"அதான பாத்தேன். அந்தக் கம்பெனிக்காரரு வெத்தல குடுக்கலீங்களே. நீங்கதான குடுத்தீங்க, வாங்கிக்க வாங்கிக்கன்னு."

"ஆமாம்."

புத்தகத்தை மூடினாள். மலை பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"அப்ப எங்காட்டுக்காரரு அவுரு இல்லீங்க. நீங்கதான். இத்தன நாளா நான் தப்பான ஆளுக்குக் காத்துட்டு இருந்திருக்கறேன்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க உடுங்க என்னைய."

நான் ஏதோ நகைச்சுவையாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முள்ளுக்குறிச்சியில் என் வாடகை வீட்டு வாசலில் களைக்கொத்தோடு வந்து நின்றாள். சும்மா விடக்கூடாதாம். கடைசி நாள் வேலை என்று ஒன்று செய்தாக வேண்டுமாம். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு வளர்ந்து கிடந்த பார்த்தீனியத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுக்குள்ள பாம்பு வளக்கறீங்களா?" என்று கேட்டபடி சேலையை இழுத்துச் செருகினாள். அவள் வெட்டி முடிப்பதற்குள் நான் அரிசியும் பருப்பும் போட்டுச் சோறு ஆக்கினேன். குழைந்து, அடிப்பிடித்து, தாளிப்பும் தீய்ந்திருந்தது. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றாள். பக்கத்தில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் பாயையும் அவர் மனைவியையும் கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு பாய், "என்ன சார், உங்க கம்பெனியிலயும் ஆள் குறைப்பா?" என்றார். அவர் மனைவி அவரை ஒரு முறை முறைத்தார்.

இலை போட்டுப் பரிமாறினேன். அவள் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு நிறுத்தினாள்.

"அடி புடிச்சிருக்குதுங்க."

"முடியலைன்னா வெச்சிடுங்க."

"வெக்க முடியாதுங்களே. சாப்புட்டுத்தான ஆகோணும்."

முழுவதும் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு எதிரில் வந்து நின்றாள். நான், "இந்த வேலை முடிஞ்சுது. போயிட்டு வாங்க" என்றேன்.

"சத்தமாங்க. நாலு பேருக்குக் கேக்கோணும்."

மறுபடி சொன்னேன். தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். மேடைகளில் எத்தனையோ முறை வாழ்த்துரை வழங்கியிருக்கிறேன். என் வாயிலிருந்து வந்த சொல் ஒன்று நிஜமாகவே யாரையாவது ஏதாவது செய்தது என்றால், அது அந்தச் சொல்தான். தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவள் மாதிரி அவள் நிமிர்ந்தாள். வழக்கப்படி ஒரு வெற்றிலை கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாஞ்சாமி. ஒருக்கா வாங்கிப் பட்டது போதும். அதுக்குப் பதுலா, இப்ப வாயில சொன்னத அந்த ஆபீசுக்காரருக்கு எழுதிக் குடுங்க."

எழுதினேன். பாயின் கடை மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தில் உள்ளது உண்மை அல்ல. இந்தப் பெண் மூன்று மாதம் முடிந்த அடுத்த வாரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இவரோடு சேர்ந்த மற்றவர்களும் அனுப்பப்பட்டார்கள். இவர் விடுப்புக் கேட்கவில்லை. தொலைபேசியில் இவர் ஆம் என்றது வெற்றிலை வாங்கிய கட்டுப்பாட்டால்; அந்த வெற்றிலையைக் கொடுத்தது, படத்தின் ஓரத்தில் தெரியும் என் கை. உதவித்தொகை நிற்காது என்று இவருக்கு வாக்குக் கொடுத்தது நான், அப்படிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எழுதியதும் நானே, பொய்யென்று சொல்வதும் நானே. கீழே கையெழுத்து. ஒரு நகல் மானியம் வழங்கும் துறைக்கு. நான் எழுதியவற்றில் நல்ல வாக்கியம் ஒன்றுகூட இல்லாத பக்கம் அது. அவள் இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னாள். பாய் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சார், வேற வேலை பாத்து வெச்சிருக்கீங்கல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

பார்த்து வைத்திருக்கவில்லை.

கடிதத்தைப் படித்த உதவியாளர் நெற்றியைத் தடவிக்கொண்டார். இதை வைத்துக் கோப்பைத் திறக்கலாம் என்றார். ஆனால் நிறுத்தியதைத் தொடர விதியில் இடமில்லையாம், புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். புதிது என்றால் எல்லாமே புதிது. கணவர் இறந்தது, இவள் மறுமணம் செய்யாதது, ஆதரவற்றவளாகவே இருப்பது, எல்லாவற்றுக்கும் புதிய சான்று. அதாவது அந்த மனிதர் ஏழு வருஷத்துக்கு முன் இறந்ததோடு வேலை முடியவில்லை. அவர் இன்னும் இறந்தேதான் இருக்கிறார் என்று இவள் காட்ட வேண்டும்.

"அவுரு திரும்பி வந்திருந்தா நான் எதுக்குங்க இங்க வந்து நிக்கறேன்?" என்றாள் அவள். உதவியாளர் படிவத்தை நீட்டினார்.

எட்டு மாதம் ஆயிற்று. எத்தனை முறை அலைந்தாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மறுபடி ஒரு நல்ல வாக்கியம் வந்துவிடும், எனக்குப் பயமாக இருக்கிறது. கடைசியில் மெஷின்காரர் வந்தார், விரலை வைத்தாள், பணம் வந்தது. நின்றுபோன மாதங்களுக்கு எதுவும் கிடையாது. அந்த மாதங்களில் அவள் அரசாங்கத்தின் பார்வையில் நிலைத்த வேலையில் இருந்தாள்.

அதன் பிறகு அவளை ஒருமுறைதான் பார்த்தேன். சோளக்காடு சந்தையில் பலாப்பழ லாரிக்குப் பக்கத்தில் மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க சார், இப்ப எங்கீங்க வேல?"

"அங்கேதான்மா. ஆனா கொஞ்ச நாளா வரச்சொல்லலை. சொல்லி அனுப்பறோம்னிருக்காங்க."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வெத்தல குடுத்தாங்களா?"

"இல்லை."

"அப்பறமென்னுங்க? நீங்க யாருக்கும் கட்டுப்பட்டவரு இல்ல. போயி வேற வேல பாருங்க. ஊட்ல உக்காந்துட்டு இருக்காதீங்க, நான் உக்காந்த மாதிரி."

போன வாரம் பாய் கடையில் ஒரு பொட்டலம் எனக்காக வந்து கிடந்தது. இரண்டாம் கட்ட மானியம் கிடைத்து, அறக்கட்டளை புத்தகத்தை மறுபதிப்புப் போட்டிருக்கிறது. பழைய விலாசப் பட்டியலில் என் பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பதினான்காம் பக்கத்தைத் திருப்பினேன். அதே பெண், அதே தட்டு, அதே வெற்றிலை. என் கடிதத்தை யாரோ உண்மையிலேயே படித்திருக்கிறார்கள், ஏனென்றால் திருத்தம் ஒன்று செய்திருந்தார்கள். இடது ஓரத்தில் இருந்த முழங்கையை வெட்டிவிட்டார்கள். கீழே வரி அப்படியே இருக்கிறது. இப்போது படித்தாலும் வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. வயிறு எரிவது அதனால்தான்.